அத்தியாயம் 7: யார், எதை, எப்படி? நன்றியால் கற்றலும் கற்பித்தலும்

சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்வதில்லை. “போன வருஷம் பையனுக்கு அம்மை போட்டுது. நல்லபடியா இறங்கினா மொட்டை போடறதா வேண்டிக்கிட்டோம்” என்பார் ஒருவர். “பொண்ணு பாசானா மாவிளக்குப் போடறேன்னு நேர்ந்துக்கிட்டேன்” என்பார் இன்னொருவர். என்ன நன்மை நடந்தது, யாரால் நடந்தது, அதற்கு என்ன செய்யப் போகிறார், எப்போது செய்யப் போகிறார் என்ற நான்கும் அந்த ஒரு பதிலுக்குள் இருக்கும். நேர்த்திக்கடன் என்றால் அப்படித்தான். அதைத் தள்ளிப்போட்டால் மனசு உறுத்தும்; செய்து முடித்தால் நிம்மதி வரும்.

நம் பள்ளிகளில் சொல்லும் நன்றியில் இந்தத் தெளிவு அநேகமாக இருப்பதில்லை. ஆண்டு விழாவின் கடைசியில், பிள்ளைகள் எழுந்து கிளம்பிவிட்ட நேரத்தில், ‘அனைவருக்கும் நன்றி’ என்று முடித்துவிடுகிறோம். யாருக்கு, எதற்கு என்று சொல்லாத நன்றி சொன்னவர் மனதிலும் தங்காது, கேட்டவர் மனதிலும் தங்காது.

நேர்த்திக்கடனில் உள்ள துல்லியத்தை வகுப்பறைக்குக் கொண்டுவரும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூவரும் இதைப் பயன்படுத்தலாம். பணம் செலவாகாது. வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

கற்றலுக்கு இது எப்படி உதவுகிறது?

‘இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் புரிந்தது, யார் புரியவைத்தார்?’ என்று யோசிக்கும் மாணவர், தான் கற்ற பாதையில் இன்னொரு முறை நடக்கிறார். எந்த இடத்தில் தடுமாறினோம், எந்தச் சொல்லில் வெளிச்சம் வந்தது என்று திரும்பப் பார்க்கிறார். படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது அதை மனதில் இருத்தும் சிறந்த வழிகளில் ஒன்று. நன்றிக் குறிப்பு எழுதும்போது அந்த வேலை தானாகவே நடந்துவிடுகிறது.

அடுத்தது, கேட்கும் துணிச்சல். நம் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ‘தெரியலைன்னு சொன்னா சிரிப்பாங்க’ என்ற பயம். ஒருவர் உதவியால் கற்றோம் என்பதை வகுப்பு முழுவதும் வெளிப்படையாகச் சொல்லிப் பழகினால், உதவி கேட்பது இழுக்கு என்ற எண்ணம் மெல்லக் கரையும்.

மூன்றாவது, ஆசிரியருக்குக் கிடைக்கும் தகவல். தேர்வுத் தாள் பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்பதைச் சொல்கிறது. நன்றிக் குறிப்போ எந்த வழியில் சொன்னால் பிள்ளைக்குப் புரிகிறது என்பதைச் சொல்கிறது. பாடத்திட்டம் எழுதும்போது நமக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை.

ஆய்வுகளும் இதையொட்டியே பேசுகின்றன. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 வகுப்புகளைச் சேர்ந்த 221 மாணவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம் நாள்தோறும் தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்களைப் பட்டியலிட்டார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றி எழுதிய பிரிவினருக்குப் பள்ளி வாழ்க்கையின் மேல் நிறைவு கூடியது. மூன்று வாரம் கழித்துக் கேட்டபோதும் அது நீடித்தது. ஆய்வு அளந்தது மனநிறைவைத்தான். நன்றி எழுதினால் மதிப்பெண் கூடும் என்று நாமாகப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் பள்ளிக்கு வர மனசுள்ள பிள்ளைக்குக் கற்பிப்பது எவ்வளவு எளிது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

திரிசிரபுரம் காட்டிய வழி

இதற்கு முன்னுதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திரிசிரபுரம் (இன்றைய திருச்சி) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் பிறந்தவர். வசதியான குடும்பம் இல்லை. எந்த நூல் யாருக்குத் தெரியுமோ அவரைத் தேடிப்போய்ப் பாடம் கேட்டார். பிச்சையெடுத்து உண்டுவந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் நன்றாகத் தெரியும் என்று அறிந்து, அவர் பின்னாலேயே போய் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு தானே ஆசிரியரானபோது ஏழை மாணவர்களுக்குப் பாடம் சொன்னதோடு அவர்கள் சாப்பாட்டுக்கும் வழி செய்தார். சைவ மடத்தோடு நெருங்கியிருந்த அவரிடம் கிறிஸ்தவரும் முஸ்லிமும் பாடம் கேட்டார்கள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்ததால் தெரியும். 1871இல் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்த உ.வே.சா., 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரிடம் கற்றார். 1910இல் ஆசிரியரின் பிரபந்தங்களைத் திரட்டிப் பதிப்பித்தார். 1933, 1934ஆம் ஆண்டுகளில், தனக்கு எண்பது வயது நெருங்கும் வேளையில், ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆன பின்பும் அந்தக் கடமை அவருக்கு மறக்கவில்லை.

அந்த நூல் வெறும் புகழ்மாலை என்றால் நமக்கு இன்று பயன்பட்டிருக்காது. பிள்ளை யாரிடம் எந்த நூலைக் கேட்டார், எப்படிப் பாடம் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எப்படி ஏட்டில் எழுதினார்கள் என்று யார், எதை, எப்படி எனத் துலக்கமாக எழுதியிருக்கிறார். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பாடம் நடந்த முறையை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள். குறிப்பான நன்றி அடுத்த தலைமுறைக்குப் பாடநூலாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். லால்குடிக்குப் பக்கத்துப் பூவாளூரைச் சேர்ந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையின் மாணவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், 1880இல் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு உ.வே.சா.வைப் பரிந்துரைத்து அமரவைத்தார். பின்னாளில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்தார் உ.வே.சா. அங்கே வந்துபோனவர்கள் எல்லோர் வாயிலும் வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர் புழங்கியது.

காவிரியின் வடகரையில் திருவரங்கத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. பிரபந்தம் சேவிக்கத் தொடங்குமுன் அதைத் தந்த ஆழ்வாரையும் ஆசாரியர்களையும் போற்றும் தனியன்களைச் சொல்வது வைணவ மரபு. 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவாய்மொழியின் ஈட்டு உரையைக் கோயிலில் ஓராண்டு விரித்துரைத்தார். அது நிறைவுற்ற ஆனி மூலத்தன்று அரங்கனே சிறு பிள்ளையாக வந்து அவருக்குத் தனியன் சமர்ப்பித்தான் என்பது சம்பிரதாயம். பாடம் கேட்டவன் தெய்வமே என்றாலும் சொல்லிக்கொடுத்தவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

மாணவருக்கான செய்முறை: வாரம் ஒரு நன்றிக் குறிப்பு

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கேள்விக்கு விடை எழுதட்டும்.

1. இந்த வாரம் எனக்குப் புதிதாகப் புரிந்தது எது?
2. யாரால் புரிந்தது?
3. அவர் என்ன சொன்னார், அல்லது என்ன செய்து காட்டினார்?
4. அதற்காக நான் என்ன செய்யப் போகிறேன், என்றைக்கு?

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் வாயால் சொன்னால் போதும். ஆசிரியர் ஒரு வரியில் குறித்துக்கொள்ளலாம். பேச்சுத் தமிழில் எழுதினால் எழுதட்டும். இங்கே சந்திப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம்.

சமயபுரத்தில் பூக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“பின்னம் எனக்குப் புரியல. எங்க அம்மா கடைல பூ அளக்கும்போது, ஒரு முழத்துல பாதி அரை முழம், அதுல பாதி கால் முழம்னு சரத்தை மடிச்சுக் காட்டினாங்க. அரைக்குள்ள ரெண்டு கால் இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. இப்ப அரையும் காலும் கூட்ட வருது. ஞாயித்துக்கிழமை நான் அம்மாவுக்கு நார் கிழிச்சுத் தருவேன்.”

இந்த ஐந்து வரியில் ஆசிரியருக்கு எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். பலகையில் வட்டம் வரைந்து கூறு போட்டபோது எட்டாத பின்னம், சரத்தை மடித்தபோது எட்டியிருக்கிறது. திங்கட்கிழமை ஒரு நூல்கண்டோடு வகுப்புக்குப் போகலாம். எல்லோரையும் ஆளுக்கு ஒரு முழம் அளக்கச் சொல்லலாம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒவ்வொருவருக்கும் நீளம் வேறுபடும். ‘யார் முழம் சரியான முழம்?’ என்று சண்டை வரும். அந்தச் சண்டையிலிருந்தே திட்ட அளவு ஏன் தேவை, மீட்டர் ஏன் வந்தது என்ற பாடத்துக்குப் போய்விடலாம். அதோடு, பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவே தயங்கும் ஒரு தாய் தன் மகளுக்குக் கணக்கு ஆசிரியராகியிருக்கிறார். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவரிடம் அதைச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நாளும் செயலும் குறித்தால்தான் நன்றி நிறைவேறும். செயல் சின்னதாக இருக்கட்டும். சொல்லிக்கொடுத்த தோழனுக்கு அவன் தவறவிட்ட பாடத்தை எழுதித் தருவது, தான் கற்றதை வகுப்பில் வேறொருவருக்குச் சொல்லித் தருவது போன்றவை போதும். இரண்டாவது இன்னும் நல்லது. உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசும்போதும், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதும் கல்வி நிலைபெறுகிறது என்பது நன்னூல் பாயிரம் அறிந்த செய்தி.

ஃப்ரோவின் ஆய்வில் நாள்தோறும் எழுதியது இரண்டு வாரம் மட்டுமே. ஆண்டு முழுவதும் நாள்தோறும் எழுதச் சொல்ல வேண்டாம். உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை நன்றி எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அடிக்கடி எழுதினால் அது வீட்டுப்பாடமாகிச் சலித்துவிடும்.

ஆசிரியருக்கான செய்முறை

மாணவர் ஆசிரியருக்கு நன்றி சொல்வது நாம் அறிந்த வழக்கம். ஆசிரியர் மாணவருக்கு நன்றி சொல்வது அரிது. அங்கேதான் வகுப்பு மாறத் தொடங்குகிறது.

பாடம் நடக்கும்போது ஒரு மாணவன் எழுந்து, “சார், கொள்ளிடத்துல தண்ணி இல்லாதப்பவும் மணலைத் தோண்டினா ஊறுதே, அது எப்படி?” என்று கேட்கிறான். ‘குட்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். “நிலத்தடி நீரை எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு வந்தேன்பா. உன் கேள்வியால வழி கெடச்சுது, நன்றி” என்று சொல்லுங்கள். தன் கேள்விக்கு மதிப்பு உண்டு என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் வேறு மூன்று கைகள் உயரும்.

இதற்கு மூன்று பழக்கம் உதவும்.

• பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில், இன்று எந்தப் பிள்ளையால் பாடம் நன்றாகப் போயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு புரட்டினால், யார் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பது தெரியும். அடுத்த மாதம் நீங்கள் கவனிக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்தான்.

• விடைத்தாளைத் திருத்தித் தரும்போது பிழையைச் சுட்டுவதற்கு முன் பிள்ளை சரியாக எடுத்த ஓர் அடியைக் குறிப்பிடுங்கள். ‘சமன்பாட்டை அமைத்தது சரி, இடம் மாற்றும்போது குறி மாறவில்லை’ என்று எழுதினால், எங்கே நின்று திருத்த வேண்டும் என்பது பிள்ளைக்குப் புரியும்.

• உங்களுக்குக் கற்பித்தவர்களின் பெயரை வகுப்பில் சொல்லுங்கள். அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தவர். ராமேசுவரத்தில் தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைப் பலகையில் வரைந்து காட்டி, பிறகு கடற்கரைக்கே அழைத்துப்போய் விளக்கியதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டவர்களுக்கு ஒரு நல்ல ஆசிரியரின் பெயரோடு பாடம் நடத்தும் முறை ஒன்றும் சேர்ந்து கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆசிரியர்கள்

பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம் திருச்சி பாப்பாக்குறிச்சியில்தான். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்தது. திட்டம் அரசுடையது, காலையில் வந்து அடுப்பு மூட்டுகிற கை ஒரு பெண்மணியுடையது. சத்துணவு ஆயாவின் பெயர் உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை, பள்ளியைத் தாங்கி நிற்கும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். சமைப்பவர், கழிப்பறையைத் துப்புரவு செய்பவர், பேருந்து ஓட்டுநர் என்று யாராகவும் இருக்கலாம். சால்வை வேண்டாம், மேடை வேண்டாம். பிள்ளைகள் அவர் வேலையைப் பற்றி ஐந்து கேள்வி கேட்கட்டும். இத்தனை பேருக்குச் சமைக்க எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம்? விகிதக் கணக்கு அங்கேயே கிடைக்கும். கேட்டு முடித்ததும் ஒரு பிள்ளை பெயர் சொல்லி நன்றி கூறட்டும்.

தவிர்க்க வேண்டியவை

நன்றியைக் கேட்டு வாங்காதீர்கள். துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டது குருபக்திக்குச் சான்றாகப் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அதில் படிக்க வேண்டியது வேறு. கேட்டுப் பெறும் நன்றி மாணவனின் திறமையையே வெட்டி எடுத்துவிடும்.

குறையை மூடப் பயன்படுத்தாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் ‘கிடைச்சதுக்கு நன்றியா இரு’ என்று சொல்வது அநியாயம். அடித்தவருக்கும் அவமானப்படுத்தியவருக்கும் நன்றி சொல்லச் சொல்வது அதைவிடப் பெரிய அநியாயம். குறையைச் சொல்லும் உரிமை இருக்கிற இடத்தில்தான் நன்றி உண்மையாக இருக்கும்.

பரிசாகவும் மதிப்பெண்ணாகவும் மாற்றாதீர்கள். ஆசிரியர் தினத்தன்று பேனாவும் கடிகாரமும் வாங்கி வரும் பிள்ளைக்குப் பக்கத்தில், வாங்க முடியாத பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். பொருள் வேண்டாம், ஒரு குறிப்பு போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டாயப்படுத்தாதீர்கள். சில வாரம் சில பிள்ளைகளுக்கு எழுத ஒன்றும் இருக்காது. வீட்டில் என்ன கஷ்டமோ. ‘இந்த வாரம் எதுவும் புரியல’ என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேச அது ஓர் அழைப்பு.

ஓர் ஆண்டுக்கான அட்டவணை

*ஜூன், ஜூலை:* முதல் வாரங்களில் ஆசிரியர் மட்டும் வாயால் நன்றி சொல்லிக் காட்டட்டும். பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள். பிறகு நோட்டைத் தொடங்கலாம்.

*செப்டம்பர்:* 5ஆம் தேதி ஆசிரியர் தினம். இப்போதைய ஆசிரியருக்கு எழுதுவதை விட்டு, முந்தைய வகுப்பு ஆசிரியர் ஒருவருக்கு ஒவ்வொருவரும் கடிதம் எழுதட்டும். எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற ஆய்வாளர்கள் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள்; எழுதியவர்கள் பயந்த அளவுக்குச் சங்கடப்படவில்லை.

*அக்டோபர்:* சரசுவதி பூசையில் புத்தகத்தை அடுக்கிவைத்து, விஜயதசமியன்று எடுத்துப் படிப்பது பல வீடுகளில் வழக்கம். எடுக்கும் புத்தகத்தை எழுதியவர், வரைந்தவர் பெயரைப் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

*மாசி, பங்குனி:* மாசி கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலோடு, பக்தர்களுக்காக அம்மனே இருக்கும் 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் சமயபுரத்தில் தொடங்கும். ஊரில் கூட்டம் நெரியும். கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் குறையும். தேர்வும் அதே நேரத்தில்தான் வரும். புதிதாக எதையும் எழுதச் சொல்லாமல், அந்த ஆண்டு எழுதிய நன்றிக் குறிப்புகளைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாடம் எப்படிப் புரிந்தது என்று அவர்கள் கைப்பட எழுதியது அதில் இருக்கிறது. திருப்புதலுக்கு அதைவிட நெருக்கமான கையேடு இல்லை.

நிறைவாக

நன்றிப் பயிற்சி நல்ல பாடத்துக்கு ஈடாகாது. ஆசிரியர் இல்லாத வகுப்பையும் நூலகம் இல்லாத பள்ளியையும் அது சரிசெய்யாது. கற்பிக்கிறவரும் கற்கிறவரும் ஒருவரையொருவர் கவனிக்க வைப்பதே அதன் வேலை. அந்தக் கவனம் இருந்தால் மற்ற முயற்சிகள் பலிக்கும்.

இந்த அத்தியாயத்தை மூடுமுன் ஒரு தாளை எடுங்கள். உங்களுக்கு ஏதோ ஒன்றை நன்றாகக் கற்பித்த ஒருவரின் பெயரை எழுதுங்கள். அவர் கற்பித்தது எது, எப்படிக் கற்பித்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள், அல்லது போன் செய்யுங்கள். இல்லையென்றால் நாளை உங்கள் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லி, அவர் சொல்லிக்கொடுத்த முறையிலேயே ஒரு பாடம் நடத்துங்கள்.